இரண்டாமிடத்துக்கு என்ன தருவீர்கள் என்று முதலில் கேளுங்கள்

2023இல் பாங்கொக்கில் நடந்த ஒரு சர்வதேச அழகுராணிப் போட்டியில் எனக்கு இரண்டாமிடம் கிடைத்தது. செலவு ஏறக்குறைய 12 இலட்சம் ரூபாய். வரவு, தோளில் போட்ட பட்டி ஒன்று, கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்று, தோல் சிகிச்சை நிலையமொன்றின் வவுச்சர் ஒன்று. அந்த வவுச்சர் அந்த நகரத்தில் மட்டும்தான் செல்லும், அதுவும் நான் ஊர் திரும்பிய பிறகு வருகிற திகதியிலிருந்து. யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறேன். வரவையும் செலவையும் எதிரெதிரே எழுதிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. போட்டிக்குப் போக விரும்புகிற பிள்ளைகள் இப்போது எனக்குச் செய்தி அனுப்புகிறார்கள். உடுப்பு எங்கே தைத்தீர்கள், நடை யாரிடம் பழகினீர்கள் என்று கேட்கிறார்கள். காசைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. நான் புறப்பட்டபோது எனக்கும் யாரும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இன்ஸ்டாகிராமில் வந்த ஒரு செய்தியில்தான் எல்லாம் தொடங்கியது. கொழும்பிலிருந்து ஒரு அக்கா. இலங்கைக்கான உரிமம் தன்னிடம் இருக்கிறதென்றும், வடக்கிலிருந்து ஒரு தமிழ்ப் பிள்ளையை அனுப்புவது தன் நெடுநாள் ஆசையென்றும் எழுதியிருந்தார். இந்த உரிம விடயத்தை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். மிஸ் வேர்ல்ட் 1951இல் இலண்டனில் தொடங்கியது, மிஸ் யூனிவர்ஸ் 1952இல் அமெரிக்காவில். இப்படியான பெரிய போட்டிகளில் ஒவ்வொரு நாட்டிலும் ஒருவர் தலைமையகத்துக்குப் பணம் கட்டி உரிமம் எடுத்து, அனுசரணையாளர்களைப் பிடித்து, உள்ளூரில் ஒரு போட்டி நடத்தி, வென்றவரை அனுப்புவார். சிறிய போட்டிகளில் உள்ளூர்ப் போட்டியே இருக்காது. உரிமக் கட்டணம் போட்டியாளரின் தலையில் விழும். எனக்கு அது 'பதிவுக் கட்டணம்' என்ற பெயரில் வந்தது, 1,500 டொலர். அன்றைய மாற்று விலையில் ஐந்து இலட்சத்துக்குக் கிட்ட. அம்மாவின் நகையில் ஆறு பவுணை அடகு வைத்தோம். உங்களிடம் யாராவது பதிவுக் கட்டணம் கேட்டால், உரிமப் பத்திரத்தின் பிரதியை வாங்கி, அதில் இருக்கிற தலைமையகத்து மின்னஞ்சலுக்கு நீங்களே நேரடியாக எழுதி, போட்டியாளரிடம் அவர்கள் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று விசாரியுங்கள். இடையில் நிற்பவர் எவ்வளவு சேர்த்திருக்கிறார் என்பது அப்போது தெரியும். கட்டுவதானால் வங்கி மூலம் கட்டிப் பற்றுச்சீட்டு எடுங்கள். அந்த அக்கா காசைக் கையில்தான் கேட்டார். நான் வங்கியில் போட்டேன். பின்னால் சட்டத்தரணியிடம் போனபோது கையில் இருந்த ஒரேயொரு உருப்படியான தாள் அந்த வங்கிச் சீட்டுத்தான்.

ஒப்பந்தம் ஒன்பது பக்கம், ஆங்கிலத்தில். வெற்றி பெறுபவருக்கு என்னென்ன என்பது ஒரு முழுப் பக்கத்துக்கு இருந்தது. பரிசுப்பணம், தங்குமிடம், பயணங்கள், கிரீடத்தின் பெறுமதிகூட எழுதியிருந்தார்கள். இரண்டாமிடம் முதல் ஐந்தாமிடம் வரை வருகிறவர்களைப் பற்றி ஒரு பந்திதான். அதிலும் அவர்களுடைய கடமைகள் மட்டும். ஓராண்டுக்கு வேறெந்தப் போட்டியிலும் கலந்துகொள்ளக் கூடாது, அனுமதியில்லாமல் விளம்பரங்களில் நடிக்கக் கூடாது, அழைக்கிற நிகழ்ச்சிகளுக்கு வர வேண்டும், முதலிடத்தவர் விலகினால் பொறுப்பேற்கத் தயாராக இருக்க வேண்டும். இவற்றுக்கு என்ன தருவீர்கள் என்று அந்த அக்காவிடம் கேட்டேன். "தங்கச்சி, வெல்லத்தானே போகிறீர்கள், ஏன் இரண்டாமிடத்தைப் பற்றி யோசிக்கிறீர்கள்?" என்றார். வீட்டில் எல்லோரும் அதைக் கேட்டு மகிழ்ந்தார்கள். பதில் அதோடு முடிந்தது. யோசித்துப் பாருங்கள், மேடையேறுகிறவர்களில் ஒருத்திக்குத்தான் கிரீடம், நான்கு பேருக்கு இந்தப் பட்டிகள். நன்றாகச் செய்கிற பிள்ளை இந்த நால்வரில் ஒருத்தியாகத் திரும்பி வருவதற்கே வாய்ப்பு அதிகம். கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான், பதில் எழுத்தில் வரவேண்டும்.

பயிற்சிக்கும் உடுப்புக்கும் போன காசைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், காலையில் ஒரு தோழியின் அறையில் முகம் கழுவி, குதியுயர்ந்த செருப்பில் நடந்து பழகி, மறுபடியும் இரவு பஸ்ஸில் வந்து வேலைக்குப் போனேன். மாலை உடையைக் கொழும்பில் தைத்தது எனக்கு வீணாகப் பட்டது. கல்யாண உடுப்புத் தைத்துப் பழகிய நம்மூர்க் கைகளுக்கு அந்த மணி வேலை ஒரு பொருட்டே அல்ல, கூலியும் பாதிதான் வந்திருக்கும். ஆனால் கொழும்பில் அவர்கள் சொல்லும் கடையில்தான் தைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அந்தக் கடைக்கும் அந்த அக்காவுக்கும் என்ன உறவு என்று நான் கேட்கவில்லை, நீங்கள் கேளுங்கள்.

தேசிய உடை மட்டும் என் விருப்பத்துக்கு விடப்பட்டது. பனையோலையில் செய்தோம். வடமராட்சிப் பக்கம் ஓலைப் பின்னல் செய்கிற பெண்கள் சிலர், குருத்தோலையை நூல் மாதிரி மெல்லிசாக வார்ந்து, சாயம் போட்டு, ஈர்க்கில் வளைவு கட்டி, தோளைத் தாண்டி அகன்று நிற்கிற ஒரு தலையணியைப் பின்னித் தந்தார்கள். அதைக் கையில் வாங்கியபோது, இந்தப் போட்டியே இதற்காகத்தான் நடக்கிறது என்று எனக்குத் தோன்றியது. கொழும்பு பஸ்ஸில் அதற்கும் ஒரு சீட் டிக்கெட் எடுத்தேன். நடத்துநர் சிரித்தார், பெட்டியின் மேல் ஒரு பார்சலையும் வைத்துவிட்டார். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அளவு மீறிய பொதி என்று 38,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள். ஹோட்டல் அறையில் பெட்டியைத் திறந்தேன். இடப்பக்க வளைவு ஒடிந்து, ஈர்க்கு தனியாக, ஓலை தனியாகக் கிடந்தது. அழுவதற்கு நேரமில்லை. அறைத்தோழி மங்கோலியாவிலிருந்து வந்த பிள்ளை, நல்ல மனம். அவள் இரு கைகளாலும் வளைவைப் பிடித்துக்கொள்ள, நான் பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலால் ஒவ்வொரு ஈர்க்காகச் சுற்றிக் கட்டினேன். மெழுகு பூசிய அந்த நூல் வழுக்காது, வெள்ளையாக இருப்பதால் ஓலையோடு கலந்தும்விடும். மேடை விளக்கில் ஒருவருக்கும் தெரியவில்லை. தேசிய உடைக்குக் கிடைத்த கைதட்டல் எனக்கு வேறெதற்கும் கிடைக்கவில்லை. ஓலையிலோ மரத்திலோ ஏதும் செய்வதானால் துண்டு துண்டாகச் செய்து, அங்கே போய்ப் பூட்டுகிற மாதிரிச் செய்யுங்கள். ஈரத்துணியில் சுற்றிய குருத்தோலை கொஞ்சம், தடித்த நூல் கொஞ்சம் கூடவே போகட்டும்.

இனி வாக்கு வாங்குவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு இன்றும் உறுத்துவது இதுதான். ஒரு டொலருக்கு ஒரு வாக்கு. இணையத்தில் அதிக வாக்குப் பெறுகிறவர் நடுவர்களின் தெரிவு இல்லாமலே அரையிறுதிக்குப் போகலாம். இப்படி வாக்கு விற்கிற போட்டிகள் இன்று நிறைய உண்டு. நான் வீட்டுக்கு வெளியே யாரிடமும் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் எங்கள் சொந்தக்காரரில் பாதிப்பேர் கனடாவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் அல்லவா இருக்கிறார்கள். டொரொண்டோவில் சித்தப்பா ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கிவிட்டார். எங்கள் ஊர்ச் சங்கம், பழைய மாணவர்கள், கோயில் நண்பர்கள் என்று அது பெருகியது. மணித்தியாலத்துக்கு ஒரு தரம் யார் எத்தனை வாக்குப் போட்டார்கள் என்ற பட்டியல் வரும். கடைசி இரவில் ஒரு நாட்டுக்காரியின் எண்ணிக்கை திடீரென்று எங்களைத் தாண்ட, சித்தப்பா தன் கடனட்டையில் 400 டொலர் போட்டார். அவர் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறவர். இறுதியில் நான் நடுவர்களின் புள்ளியில்தான் அரையிறுதிக்குப் போனேன். அந்த வாக்குகளால் எனக்கு ஒரு பயனும் இல்லை. காசு நடத்துகிறவர்களுக்குப் போயிற்று, நன்றிக்கடன் எனக்கு வந்தது. இன்றைக்கும் கனடாவிலிருந்து யாராவது ஊருக்கு வந்தால், "உனக்கு நாங்களும் வாக்குப் போட்டோம் பிள்ளை" என்கிறார்கள். அங்காடித் தெருவில் நிறுத்திச் சொன்னவர்களும் உண்டு. அதற்கு என்ன பதில் சொல்வது? வாக்குச் சுற்று உண்டா, அதன் வருமானம் எங்கே போகிறது என்று முன்னமே கேளுங்கள். உறவினரை அதில் இறக்காதீர்கள். அவர்களுக்கு உண்மையாகவே உதவ விருப்பமென்றால் விமான டிக்கெட்டை எடுத்துத் தரட்டும், அதற்காவது ஒரு கணக்கு இருக்கும்.

நேர்காணலுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டேன். பெரிய போட்டிகளில் இது வழக்கம்தான். உங்கள் செலவில் கூட்டி வாருங்கள் என்றார்கள். ஆங்கிலத்தில் பேசினேன். அப்போது என் நினைவில் இருந்தவர் இந்தியாவின் மது சப்ரே. 1992இல் இதே பாங்கொக்கில் நடந்த மிஸ் யூனிவர்ஸ் போட்டியில் அவர் இறுதி மூவரில் ஒருவர். நாட்டின் தலைவரானால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்குப் பெரிய விளையாட்டரங்கம் கட்டுவேன் என்றார். விளையாட்டு வீராங்கனை, மனதில் இருந்ததைச் சொன்னார். கிரீடம் நமீபியாவின் மிஷெல் மக்லீனுக்குப் போனது, மதுவுக்கு மூன்றாமிடம். வறுமையை ஒழிப்பேன் என்று சொல்லியிருந்தால் வென்றிருப்பார் என்று இன்றும் பேசுகிறார்கள். எனக்கு அந்த விளையாட்டரங்கப் பதில் பிடிக்கும். என்னிடம் போரைப் பற்றிக் கேட்டார்கள். யாழ்ப்பாணம் என்றதும் வேறென்ன கேட்பார்கள்? நான் பனையைப் பற்றிப் பேசினேன்.

கடைசியில் இருவர் கைகோத்து நின்றோம். அந்த நேரத்தை எத்தனையோ காணொளிகளில் பார்த்திருக்கிறேன். 2015இல் லாஸ் வேகாஸில் நடந்த மிஸ் யூனிவர்ஸ் போட்டியில் கொலம்பியாவின் அரியட்னா குட்டியரஸின் தலையில் வைத்த கிரீடத்தை, அறிவிப்பாளர் தவறாக வாசித்துவிட்டாரென்று சில நிமிடங்களில் கழற்றிப் பிலிப்பைன்ஸின் பியா வூர்ட்ஸ்பாக்குக்குச் சூட்டியதை யார்தான் மறப்பார்கள்? என் விடயத்தில் அப்படியான நாடகம் எதுவுமில்லை. என் நாட்டின் பெயரை முதலில் வாசித்தார்கள், அவ்வளவுதான், தோற்றவள் நான். கமெராக்கள் எல்லாம் மற்றப் பக்கம் திரும்பின. ஒரு பெண் வந்து பட்டியை என் தோளில் ஊசியால் குத்தி, "சிரியுங்கள், நகராதீர்கள்" என்றாள். எனக்கு ஒரு சிறிய கிரீடமும் வைத்தார்கள். படம் எடுத்து முடிந்ததும் மேடைக்குப் பின்னால் ஒரு பெட்டியோடு ஒருவர் நின்று, அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அறைக்குத் திரும்பி அம்மாவை அழைத்தேன். அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அடகுக்கு ஒன்றும் வராதோ பிள்ளை?" என்று கேட்டார். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இரண்டாமிடத்தாலோ மூன்றாமிடத்தாலோ வாழ்க்கை மாறியவர்கள் இல்லாமல் இல்லை. 1955இல் மிஸ் யூனிவர்ஸ் போட்டியில் இலங்கையின் மொரீன் ஹிங்கர்ட் மூன்றாமிடம் பெற்றார், பிறகு ஹொலிவூட்டில் நடித்தார். 2008இல் மிஸ் வேர்ல்டில் இரண்டாமிடம் பெற்ற பார்வதி ஓமனக்குட்டனைத் தமிழ்ப் படத்திலும் பார்த்தோம். ஊரில் என்னை வாழ்த்த வந்த எல்லோரும் இப்படிச் சிலரின் பெயரைச் சொன்னார்கள். அவர்களுக்குப் பின்னால் பெரிய போட்டியின் பெயர் இருந்தது, அல்லது வேலை கொடுக்க ஒரு சினிமா நகரம் இருந்தது. எனக்குப் பின்னால் இருந்தது ஓராண்டுத் தடை. திரும்பி வந்த சில வாரங்களில் கொழும்பு நகைக்கடையொன்று விளம்பரத்துக்கு அழைத்தது. அனுமதி கேட்டு எழுதினேன். பதில் வருவதற்குள் அவர்கள் வேறொருவரை வைத்து எடுத்துவிட்டார்கள்.

அதைவிட மோசமானது படங்களின் உரிமை. ஒரு நாள் அலுவலகத்துத் தோழி தன் கைபேசியை நீட்டி, "இது நீதானே?" என்றாள். போட்டியின் அனுசரணையாளர் ஒருவரின் விளம்பரம், தோலை வெளுப்பாக்குகிற கிறீம். படத்தில் என் முகத்துக்குப் பாதியில் ஒரு கோடு, இடப்பக்கம் என் நிறம், வலப்பக்கம் யாருடைய நிறமோ. நான் கறுப்பு. சின்ன வயதிலிருந்து, கல்யாணப் பேச்சு எடுக்கிறவர்கள் உட்பட, எத்தனையோ பேர் அதைச் சொல்லக் கேட்டுப் பழகிய எனக்கு, மேடையில் அதே நிறத்தோடு நின்றதுதான் இந்த முழுச் செலவிலும் கிடைத்த ஒரே இலாபம். அதையும் அழித்து விற்றுவிட்டார்கள். எடுத்த படங்களைக் காலவரையறையின்றி அனுசரணையாளர்கள் பயன்படுத்தலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஆறு மாதம் என்றோ, போட்டிச் செய்திக்கு மட்டும் என்றோ, முகத்தையும் நிறத்தையும் மாற்றக் கூடாது என்றோ ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். நீச்சல் உடைச் சுற்று உண்டென்றால் அந்தப் படங்களைத் தனியாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள். மிஸ் வேர்ல்ட் அந்தச் சுற்றை 2015 முதல் கைவிட்டுவிட்டது. சிறிய போட்டிகளில் பலருக்கு அதுதான் விற்பனைச் சரக்கு.

அடுத்த ஆண்டு ஒரு மின்னஞ்சல் வந்தது. முதலிடம் பெற்றவள் விலகிவிட்டாள், ஒப்பந்தப்படி கிரீடம் இப்போது உங்களுக்கு என்று எழுதியிருந்தார்கள். இப்படி நடப்பது புதிதல்ல. 1980இல் மிஸ் வேர்ல்டாக வென்ற ஜேர்மனியின் கப்ரியெல்லா ப்ரும் 18 மணித்தியாலத்தில் விலக, குவாமின் கிம்பர்லி சாண்டோஸுக்குக் கிரீடம் போனது. 2002இல் ரஷ்யாவின் ஒக்ஸானா ஃபெடரோவாவிடமிருந்து மிஸ் யூனிவர்ஸ் பட்டம் பறிக்கப்பட, பனாமாவின் ஜஸ்டின் பாசெக் பொறுப்பேற்றார். கொழும்பில் 2021இல், திருமதி அழகுராணிப் போட்டி மேடையிலேயே வென்றவரின் கிரீடத்தைப் பிடுங்கி இரண்டாமிடத்தவருக்குச் சூட்டி, பிறகு திரும்பக் கொடுத்த கூத்தை நாடே பார்த்தது. எனக்கு அந்த மின்னஞ்சல் வந்த மாலை முழுவதும் சந்தோஷம்தான். வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் நல்லூர் வீதியைச் சுற்றி நடந்தேன். இரவு இரண்டாம் தரம் வாசித்தபோதுதான் கீழே இருந்த நிபந்தனைகள் கண்ணில் பட்டன. டிக்கெட் என் செலவு, அங்கே நான்கு மாதம் தங்க வேண்டும், கிரீடத்துக்கு 2,000 டொலர் வைப்புப் பணம். முதலிடத்தவருக்கென்று எழுதியிருந்த பரிசுப்பணம் ஏற்கெனவே 'பயன்படுத்தப்பட்டுவிட்டது'.

யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியிடம் போனேன். அவர் வாங்கியது 5,000 ரூபாய். இந்தக் கதையில் நான் கொடுத்த மிகப் பயனுள்ள 5,000 அதுதான். கையெழுத்திடுவதற்கு முன்பே இந்த ஆலோசனையைப் பெறலாம் என்று யாராவது சொல்லியிருக்கலாம். நான் பொறுப்பேற்கத் 'தயாராக இருக்க வேண்டும்' என்று இருக்கிறதே தவிர, காசு கட்டி ஏற்க வேண்டும் என்று ஓரிடத்திலும் இல்லை என்று காட்டினார். அவர் சொன்னபடி, உங்கள் செலவில் அழைத்தால் வருகிறேன் என்று மட்டும் எழுதினேன். பதிலே இல்லை. சில நாட்களில் மூன்றாமிடம் பெற்ற பிள்ளை கிரீடத்தோடு நிற்கிற படம் வந்தது. எனக்குப் பொறாமை வரவில்லை என்று எழுதினால் பொய். அந்தப் படத்தை இன்றும் சில வேளை எடுத்துப் பார்க்கிறேன்.

ஆறு பவுணில் நான்கை மீட்டுவிட்டோம். மீதிக்கு வட்டி கட்டிப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். சாவகச்சேரிப் பக்கத்துப் பிள்ளையொருத்தி போன மாதம் தன் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தாள். வேறு போட்டி, ஆனால் அதே பந்தி. இரண்டாமிடத்துக்கு என்ன தருவீர்கள், படங்கள் எத்தனை காலத்துக்கு, பொறுப்பேற்றால் செலவு யாருடையது என்ற மூன்றையும் அவளைக்கொண்டே மின்னஞ்சலில் கேட்க வைத்தேன். குரல் பதிவில் வருகிற வாக்குறுதியை நம்ப வேண்டாம், எழுத்தில் கேள் என்றும் சொன்னேன். பதிவுக் கட்டணம் கட்டிய பிறகு பேசலாம் என்று பதில் வந்திருக்கிறது. இதற்குமேல் என்ன வேண்டும், போகாதே என்று சொன்னேன். அவள் போகத்தான் போகிறாள். அவளுக்கும் பனையோலைத் தலையணிதான் வேண்டுமாம். அதை நான்கு துண்டாகப் பின்னுவிக்கச் சொன்னேன், அதை மட்டும் கேட்டுக்கொண்டாள்.